சங்கிலியும் வடமும்

பழுதுகளின் கதை – 14

பாரிஸின் லா ஷப்பல் மெட்ரோ நிலையம் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் நிற்கிறது. தலைக்கு மேல் வண்டி போகும்போது கீழே கடைக்காரர்கள் பேச்சை ஒரு கணம் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். போன வாரம் அங்கே ஒரு மீன் கடையில் நின்றிருந்தேன். ஃப்ரீசர் நின்றுவிட்டது. கம்ப்ரஸர் மாற்றி நான்கே நாள்.

“புதுசு தம்பி, நாலு நாள்கூட ஆகேல்லை!” கடைக்காரருக்குக் குரல் தழுதழுத்தது. பாரை மீன்களின் மேலிருந்த வெண்பனி உருகத் தொடங்கியிருந்தது.

மெக்கானிக் பதறவில்லை. புறங்கையைக் கம்ப்ரஸரின் மேல் வைத்துச் சூடு பார்த்தார். “புதுசு எண்டபடியால்தான் அண்ணை பயம். முதல் மாசத்தைத் தாண்டிச்சுதெண்டா பிறகு கன வருசம் ஓடும்.”

ரிலேயில் ஒரு வயர் சரியாக இறுக்கப்படவில்லை. அவ்வளவுதான். கடையில் இருந்த அத்தனை மீனும் அந்த ஒரு திருகாணியை நம்பி இருந்திருக்கிறது.

அவர் சொன்ன அந்த வார்த்தைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் வாலோடி வெய்புல். சுவீடன்காரர், பிறந்தது 1887இல். 1904இல் கடற்கரைப் படையில் சேர்ந்தவர், கடலடியில் வெடி வைத்து அதன் அதிர்வைக் கொண்டு தரையில் படிந்த சேற்றின் வகையையும் கனத்தையும் அளக்கும் வழி கண்டார். ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். உப்சாலாவில் முனைவர் பட்டம் பெற்றது 1932இல், 45 வயதில்.

அவரைப் பிடித்து உலுக்கிய கேள்வி எளிமையானது. ஒரே உலையில், ஒரே நாளில் வார்த்த இரண்டு இரும்புத் துண்டுகள் ஏன் ஒரே பாரத்தில் முறிவதில்லை? 1939இல் அவர் சங்கிலியை வைத்து விடை சொன்னார். சங்கிலியின் பலம் அதன் மிக நலிந்த கண்ணியின் பலம்தான். அதனால் நீளமான சங்கிலி குட்டைச் சங்கிலியைவிட நம்பக் குறைந்தது; கண்ணி கூடக்கூட, அதில் ஒன்று நலிந்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பெரிய கண்ணாடித் தகடு சிறியதைவிடச் சீக்கிரம் விரிசல் விடுவதும் இதனால்தான்.

1951இல் வந்த கட்டுரைதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. அதே வடிவக் கணக்கை 1927இலேயே பிரெஞ்சுக் கணிதர் மோரிஸ் ஃபிரெஷே தொட்டிருந்தார்; அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் வெய்புல். ஏழு உதாரணங்கள் காட்டினார், அவற்றில் சில: உருக்கின் வலிமை, பறக்கும் சாம்பல் துகளின் அளவு, பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், அவரை விதையின் அகலம். அவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் இருக்கிறது. அந்த வரியைக் கண்டதும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். எந்த வயலில் யார் கை பறித்த பஞ்சோ, இழை இழையாக அறுந்து, இன்று விமான எஞ்சின் வரை எட்டியிருக்கும் ஒரு கணக்குக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

கட்டுரையை அன்று பலர் நம்பவில்லை. உருக்குக்கும் அவரை விதைக்கும் ஒரே கணக்கா என்று தள்ளினார்கள். அவரும் தன் சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்லவில்லை. சில இடங்களில் உதவும் என்றே எழுதினார். அந்த அடக்கம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தச் சூத்திரத்தில் ஓர் எண் இருக்கிறது. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால், பொருள் பிறந்தவுடன் சாகும் ஆபத்து அதிகம். நாள் போகப்போகக் குறையும். ஒன்றாகவே இருந்தால் எந்த வயதிலும் ஒரே ஆபத்து. ஒன்றுக்கு மேலே போனால் அது மூப்பு, தேய்ந்து முறியும். பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய பாடம் உண்டு. முதல் வகைப் பொருளை, ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றிப் புதிது மாட்டினால் ஆபத்தை நாமே விலைக்கு வாங்குகிறோம்.

முறிவையே வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த இந்த மனிதர் ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று பெருகிய குடும்பத்தைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை. 88 வயதில் அமெரிக்காவில் பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். 1978இல் சுவீடன் மன்னர் கையால் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, இதே பிரான்சில், ஆல்ப்ஸ் அடிவாரத்தின் அன்சி நகரில் கண் மூடினார்.

கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று லா ஷப்பலின் தண்டவாளத்துக்குத் தெரியும். இந்தத் துண்டுத் தடம் 1903 ஜனவரி 31இல் திறந்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி மாலை, பக்கத்து நிலையமான பார்பெஸில் ஒரு வண்டியின் மோட்டாரில் புகை. பயணிகளை இறக்கினார்கள். வெறும் வண்டியைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டியை வைத்துத் தள்ளிப்போனார்கள். அது நம் தலைக்கு மேலே, லா ஷப்பலைக் கடந்து, சுரங்கத்துக்குள் இறங்கி, மெனில்மொந்தானில் தீப்பற்றி எரிந்தது. பின்னால் வந்த நெரிசல் வண்டி கூரோன் நிலையத்தில் நின்றது. டிக்கெட் காசைத் திருப்பித் தரச் சொல்லிச் சிலர் அங்கேயே வாதாடினார்கள். புகை வந்தது. விளக்குகள் அணைந்தன. வண்டிக்கும் விளக்குக்கும் ஒரே மின்சாரம். இருட்டில் பலர் வழியில்லாத பக்கமாக ஓடினார்கள். அன்று இறந்தவர்கள் 84 பேர்.

அதன் பிறகுதான் நிலைய விளக்குகளுக்குத் தனி மின்னோட்டம் கொடுத்தார்கள்.

வெய்புலின் சங்கிலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாணிக்க விநாயகர் கோயில் தேர் கண்முன் வரும். கோடை முடியும் நேரத்தில் இந்தத் தெருக்களில்தான் அது நகர்கிறது. வடத்தில் ஒரு புரி அறுந்தால் தேர் நிற்பதில்லை. பாரத்தை மற்றப் புரிகள் பகிர்ந்துகொள்கின்றன. சங்கிலியில் அந்தக் கருணை இல்லை. கூரோனில் ஒரே சங்கிலியாகக் கிடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடமாகத் திரித்தார்கள்.

மீன் கடையில் ஃப்ரீசர் மறுபடி உறுமத் தொடங்கியது. மெக்கானிக் உடனே கிளம்பவில்லை. மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே, மற்றத் திருகாணிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சூடு ஏறினால் சத்தமிடும் அலாரம் ஃப்ரீசரின் வயரிலேயே இணைந்திருந்தது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரைக் கேட்டார்:

“இதுக்கு வேற பிளக் ஒண்டு குடுங்கோ அண்ணை. அது நிண்டாலும் இது கத்தவேணும்.”

(தொடரும்)