கை வேர்க்கிற குடும்பம்

கை வேர்ப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நோய் என்று சொன்னதில்லை. சூட்டு உடம்பு என்றார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் வெறும் வயிற்றில் முழுங்கு, இளநீர் குடி. அதிலும் அடங்காவிட்டால் பயந்த சுபாவம் என்று முடித்துவிடுவார்கள். இரண்டு தீர்ப்புமே தப்பு. ஆனால் அந்தத் தீர்ப்புகளைச் சுமந்துகொண்டுதான் எனக்கு முந்தைய தலைமுறை வேலைக்குப் போனது, கல்யாணம் செய்தது, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துத் துடைத்தே வயதானது.

என் அப்பா 1970களில் கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினார். கடைந்து முடித்த ஷாஃப்ட்டை அவர் வெறும் கையால் தூக்கி வைத்தால், மறுநாள் காலையில் அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும் துரு பூத்திருக்கும். வேர்வையில் உப்பு உண்டு. புதிதாகக் கடைந்த இரும்பு துருப்பிடிக்க அது போதும். பால் பேரிங், அளவுக் கருவி போன்ற நுணுக்கமான சாமான் செய்கிற இடங்களிலெல்லாம் இப்படிப்பட்ட கைக்காரர்களால் தொல்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பா பனியன் வேஸ்ட்டை எண்ணெயில் நனைத்து இடுப்பில் செருகியிருப்பார். எதைத் தொட்டாலும் அதால் ஒரு துடைப்பு. ஃபோர்மேன் அவரைப் பற்றி, "கை சுத்தமில்லாத ஆளு" என்று மற்றவர்களிடம் சொன்னதை அப்பா ஒரே ஒருமுறை வீட்டில் சொன்னார். அந்த வார்த்தைக்கு ஊரில் இருக்கும் இன்னொரு பொருள்தான் அவரைத் தைத்தது. வேலையில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனிதர் அவர்.

அப்பாவின் தங்கை, என் அத்தைக்கும் அதே கை. அவருக்குக் கோலம் வராது என்று ஊரில் பேர். கோலமாவு உலர்ந்த விரலுக்கிடையில்தான் சீராக இறங்கும். அத்தையின் கையில் அது பசையாகிவிடும்; கோடு விட்டுவிட்டு விழும், சில இடத்தில் கட்டியாக உதிரும். மார்கழி முழுக்க வாசலில் தண்ணீர் தெளிப்பது அத்தை, கோலம் போடுவது பாட்டி. பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டை நீட்டுவதற்கு முன்னால் முந்தானையில் கையைத் துடைத்ததை யாரோ பார்த்து, "புள்ளைக்கு ஏதாச்சும் சீக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆள் அன்று அந்த வீட்டில் இல்லை.

பதில் இதுதான். நம் உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் முக்கியமானவை. முதுகும் மார்பும் வெயிலுக்கு வேர்ப்பவை. உள்ளங்கை மனநிலைக்கு வேர்ப்பது. மரம் ஏறவும் எதையாவது இறுகப் பிடிக்கவும் லேசான ஈரம் உதவும் என்பதால் அமைந்த ஏற்பாடாக இருக்கலாம் என்கிறார்கள். விசாரணையில் பொய் கண்டறியும் கருவி விரல் நுனியில் அளப்பதும் இந்த ஈரத்தைத்தான். பரிவு நரம்பு மண்டலம் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு சுரப்பிக்கு உத்தரவு அனுப்புகிறது. சிலருக்கு அந்த உத்தரவு தேவைக்குப் பல மடங்கு அதிகமாகப் போகிறது. சுரப்பியின் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ கோளாறு இல்லை. பெரும்பாலும் சின்ன வயதிலோ வாலிபத் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும், தூக்கத்தில் நின்றுவிடும், குடும்பத்தில் தொடரும். மருத்துவத்தில் இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். பயம் வந்தால் கை வேர்க்கும் என்பது உண்மை. ஆனால் இந்தக் கைக்காரர்களுக்குப் பயமே இல்லாதபோதும் வேர்க்கும். வேர்ப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

என் முறை 1980களில் வந்தது. மை பேனாவும் காகிதமும்தான் என் எதிரிகள். பரீட்சை அட்டைமேல் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றி எழுதுவேன். மூன்றாம் பக்கத்துக்குள் துணி நனைந்துவிடும். எழுதிய வரி மேல் கை பட்டால் மை ஊதாப் பூவாக விரியும். பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறிய பிறகு ஈரத்தாளில் அது எழுத மறுத்தது. பாண்ட்ஸ் பவுடர் கொட்டினால் சில நிமிஷம் தாங்கும், பிறகு களிம்பாகிவிடும். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, "டென்ஷன் ஆகாதே, சரியாப்போயிடும்" என்றார். கெட்ட மனிதரில்லை. அவருக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை.

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சி மட்டும் உருப்படியாக ஒன்று செய்தார். படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அதில் கையை ஊறவைக்கச் சொல்லுவார். கொஞ்ச நேரம் கை இறுகி, உலர்ந்து இருக்கும். படிகாரம் ஓர் அலுமினிய உப்பு. இன்று தோல் மருத்துவர் முதல் படியாக எழுதிக் கொடுக்கும் மருந்தும் அலுமினிய உப்புதான்: 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். அது வேர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைக்கிறது. பூசுகிற முறையில்தான் பலன் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது, வேர்வை அடங்கிய நேரத்தில், கை முழுக்கக் காய்ந்த பிறகு பூச வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக் கையில் பூசினால் தண்ணீரோடு சேர்ந்து அமிலம் உண்டாகித் தோல் எரியும். பகலில் வேர்த்துக்கொண்டிருக்கும்போதே பூசிவிட்டு, எரிகிறது, பயனில்லை என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அக்குளில் கேட்கிற அளவுக்கு இங்கே கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய வைத்தியங்களில் கொடியவையும் இருந்தன. தோலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் போன்ற கரைசல்களில் கையை முக்குவது ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாடுகளில் வேர்வைக்கு எக்ஸ்-ரே காட்டிச் சுரப்பியைக் கருக்கினார்கள். தோல் புண்ணாகிப் புற்றுநோய்வரை போகும் என்று தெரிந்த பிறகே அது நின்றது. 1920இல் கோட்ஸாரெஃப் என்ற அறுவை மருத்துவர் பரிவு நரம்பையே வெட்டி வேர்வையை நிறுத்திக் காட்டினார். அதன் வாரிசுதான் 1990களில் கேமராக் குழாயுடன் பரவிய அறுவை. மயக்கம் கொடுத்து, அக்குளுக்குக் கீழே சின்னத் துளையிட்டு, நுரையீரலைச் சற்றே சுருங்க வைத்து, விலா எலும்பின்மேல் ஓடும் நரம்புச் சங்கிலியை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். நோயாளி கண் விழிக்கும்போது கை காய்ந்திருக்கும். ஆயுள் முழுக்க ஈரக் கையோடு வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த அறுவையைத் தேடிப் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விலை வேறு இடத்தில் கேட்கும். கையில் நின்ற வேர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பிவிடும். அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பலருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. சிலருக்குச் சட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டிய அளவுக்கு. வெட்டிய நரம்பை ஒட்டவும் முடியாது. இந்த அறுவை மிகுதியாக நடந்த தைவானில் 2004இல் 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். நம் சித்திரை வெயிலில் வாழ்கிற ஒருவருக்கு இந்தக் கணக்கை உட்கார வைத்துச் சொல்லாமல் கத்தி எடுப்பது அநியாயம். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு, கடைசியாக மட்டும் அந்தக் கதவைத் தட்டலாம்.

அந்த 'மற்றவற்றில்' ஒன்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையையும் அதில் வைத்து, மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறை. அயன்டோஃபோரெசிஸ் என்பார்கள். 15, 20 மில்லிஆம்பியர். 20, 30 நிமிஷம். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறை. சில வாரத்தில் கை உலரத் தொடங்கும். பிறகு வாரத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ போதும்; விட்டுவிட்டால் வேர்வை திரும்பிவிடும். இது 1950களிலேயே மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டது. எளிய கருவி ஒன்றை வைத்தே செய்யலாம் என்று அமெரிக்காவில் லெவிட் என்ற தோல் மருத்துவர் 1968இல் எழுதினார். அப்பா இடுப்பில் பனியன் வேஸ்ட்டோடு நின்ற காலத்துக்கு முன்பே! தண்ணீரும் மின்சாரமும் கோயம்புத்தூரில் இல்லாத பொருளா? அந்தப் பட்டறையில் இருந்த கைகளே அப்படி ஒரு பெட்டியைச் செய்திருக்கும். இது வைத்தியம் கேட்க வேண்டிய விஷயம் என்று நாங்களும் நினைக்கவில்லை, எங்களிடம் கேட்டவரும் இல்லை.

இன்று என் தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் அதே கை. கருவி அவள் மேஜையில் இருக்கிறது. டாக்டர் சொல்லி வாங்கியது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரலில் கீறல் இருந்தால் வாஸ்லின் தடவி, கையைத் தட்டில் வைத்தபடி அலைபேசியில் பாடம் கேட்கிறாள். லேசாகக் குத்துகிறது, முள் முள்ளாக இருக்கிறது என்கிறாள். பொறுக்க முடியாத வலியில்லை. கர்ப்பிணிகளும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும், மின்னோட்டம் போகும் பாதையில் உலோகம் பதித்தவர்களும் இதைச் செய்யக் கூடாது. வீடியோ பார்த்து வீட்டு மின்சாரத்தில் தானே கம்பி இழுத்துச் செய்துகொள்வது உயிருக்கு ஆபத்து. இதைப் பட்டறைக்காரர் மகனாக அழுத்திச் சொல்கிறேன்.

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளும் உண்டு. வாய் வறளும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். உடம்பு முழுக்க வேர்வை குறைவதால் வெயிலில் வேலை செய்பவருக்கு உடம்புச் சூடு ஏறிவிடும். போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் காக்கும். உள்ளங்கையில் பல இடத்தில் குத்த வேண்டும், வலி அதிகம், பிடிமானம் கொஞ்ச காலம் தளரலாம், செலவும் பெரிது. ஜப்பானில் 2023இல் உள்ளங்கைக்கென்றே ஆக்ஸிபியூட்டினின் லோஷன் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். உள்ளே விழுங்காமல் வெளியே பூசுவது என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம்.

வைத்தியம் இப்படி நெருங்கி வந்த அதே காலத்தில் உலகம் ஈரக் கைக்குக் கடினமாகிவிட்டது. அப்பா காலத்தில் கையெழுத்து போதும். இப்போது ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும். ரேகையின் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் கருவிக்கு ரேகை தெரியாது. வரிசையில் நின்றபடி, "நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா" என்பதைக் கேட்டு மறுபடி மறுபடி வைக்கிற அத்தையை நான் பார்த்திருக்கிறேன். பல கடைகளில் கருவிழிக் கருவி வந்த பிறகுதான் அவருக்கு விடுதலை. அலைபேசித் திரை ஒரு துளி ஈரத்தை விரலென்று நினைத்துத் தானே எதையோ திறக்கும். நீட், டிஎன்பிஎஸ்சி தேர்வுகளின் ஓ.எம்.ஆர் தாள் நனைந்து சுருங்கினால் மதிப்பெண்ணே கேள்விக்குறி. கணினியில் தட்டச்சு செய்வது வந்ததில் எனக்குக் கிடைத்த நிம்மதியும் உண்மைதான். ஆனால் பள்ளித் தேர்வு இன்னும் தாளில்தான் நடக்கிறது.

தம்பி மகள் இதை மறைக்கவில்லை. போன அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போனாள். "மிஸ், எனக்குக் கை ரொம்ப வேர்க்கும், இது ஹைப்பர்ஹைட்ரோசிஸ், ஒரு டவலும் அடியில் வைக்க ஒரு வெள்ளைத்தாளும் வேணும்" என்றாளாம். ஆசிரியை சீட்டைப் படித்தார், தாளைப் புரட்டிப் பார்த்தார், இரண்டையும் அனுமதித்தார். பொதுத்தேர்வுக்கும் அப்படியே கேட்கத் தலைமையாசிரியருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். அதை டைப் செய்து கொடுப்பது என் பொறுப்பு.