கீழாநெல்லி

மழைக்காலத்தில் வரப்புகளிலும் புல்தரைகளிலும் தானே முளைக்கும் சிறு பூண்டு கீழாநெல்லி. நெல்லிபோன்ற சிறு காய்கள் இலைகளின் கீழ்ப்புறம் வரிசையாய்த் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. இதனைச் சமூலமாக அரைத்து, மோரில் கலக்கி, மஞ்சட்காமாலைக்குப் பத்தியத்துடன் கொடுப்பது கிராமவாசிகளின் நெடுநாளைய வழக்கம்.

1988-ம் வருஷத்தில் பிரசுரமான சென்னைப் பரிசோதனையொன்றில், இப்பூண்டின் தூளை உட்கொண்ட ஹெபடைடிஸ்-பி கிருமியுடையோர் 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற்பாடு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை.

காமாலைக்குக் காரணங்கள் பல. சில வகை தானே தணியும்; அப்போது பூண்டுக்குப் பெயர் வரும். பித்தக்குழாய் அடைப்பினால் வருவதோ எப்பூண்டுக்கும் தணியாது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலின், கண் மஞ்சளித்தவுடன் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முதற்கடமை. கீழாநெல்லி உட்கொண்டிருப்பின், அதனையும் டாக்டரிடம் மறையாது சொல்லல் வேண்டும்.