ஊடும் பாவும் – 11: ரோஜா தொலைந்த இடம்

சென்ற வாரம் மயில்கழுத்துப் பட்டில் நிறுத்தியிருந்தோம். பாவு நீலம், ஊடை பச்சை. புடவை அசைய அசைய இரண்டும் மாறி மாறி மேலெழும். அந்த மினுக்கு நன்றாக வர ஒரு நிபந்தனை உண்டு என்றும் பார்த்தோம்: இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். ஒன்று அடர்ந்தும் மற்றது வெளிறியும் இருந்தால் மினுக்கு செத்து, துணி சாம்பல் பூத்துப்போகும்.

வடிவம் நெய்வதற்கு இதற்கு நேர் எதிரான நிபந்தனை. பூவோ கட்டமோ கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒன்று அடர்ந்திருக்க வேண்டும், மற்றது வெளிறியிருக்க வேண்டும். சிவப்பா நீலமா என்பதெல்லாம் பிறகு. இப்போது ஒரே நூல், அவிழ அவிழ நிறம் மாறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு பழைய வடிவம் ஒன்றை நெய்தால் ஒரே துணியில் ஓரிடத்தில் வடிவம் பளிச்சிடும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். இந்த வாரக் கதை இதுதான்.

நிறம் மாறும் நூல்களைப் பொதுவாக மூன்று ரகமாகப் பிரிக்கலாம். விரற்கடைக்கு ஒரு நிறமாக மாறுவது ஒன்று. சிட்டத்தின் மேல் கையால் ஆங்காங்கே சாயம் பூசி எடுப்பார்கள். சில மீட்டர் தூரம் ஒரே நிறமாக ஓடி, பிறகு அடுத்த நிறத்துக்கு நழுவுவது இரண்டாவது. ஜப்பானின் ஐச்சி மாகாணத்து நோரோ நிறுவனம் இந்த ரகத்தால்தான் உலகப் பெயர் வாங்கியது. அவர்களுடைய குரேயான் கம்பளி நூல் 50 கிராம் உருண்டையில் 100 மீட்டர் வரும். உருண்டை தீரும்வரை ஒரே பயணம், கருநீலத்தில் தொடங்கி இளம்பச்சையில் போய் முடிவது என்றால் அது மூன்றாவது. முதல் ரகத்தை வடிவ நெசவுக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கட்சி. சாதா நெசவில் அழகாக இருக்கும். பூ நெய்யப் போனால் பூவும் நூலும் சேர்ந்து சிதறும்.

மற்ற இரண்டையும் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதிக்குப் போக வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வீட்டுத் தறிகளில் படுக்கை விரிப்புகள் நெய்தார்கள். அந்த நெசவுக்கு ஓவர்ஷாட் என்று பெயர். நாலு விழுதுத் தறி போதும்; விழுது என்பது பாவிழைகளைத் தூக்கி இறக்கும் சட்டம். பாவு சாயமேற்றாத பருத்தி. ஊடை இரண்டு, அவற்றைக் குறுக்கே ஓட்டும் நாடாவும் இரண்டு: ஒரு நாடாவில் பாவைப் போலவே மெல்லிய பருத்தி, இன்னொரு நாடாவில் தடித்த கம்பளி. கம்பளி ஒரு முறை, பருத்தி ஒரு முறை என்று மாறி மாறி ஓடும். பருத்தி சாதா நெசவாகத் துணியைப் பிடித்துக்கொள்ள, கம்பளி பல பாவிழைகளைத் தாண்டி மேலே மிதந்து வடிவம் போடும். கம்பளியை எல்லாம் உருவி எடுத்துவிட்டாலும் அடியில் முழுத் துணி ஒன்று மிஞ்சும்.

இந்த நெசவில் மூன்று தொனிகள் கிடைக்கும். கம்பளி மேலே மிதக்கும் இடம் முழு நிறம். அது துணிக்கு அடியில் போகும் இடம் வெள்ளை. பாவோடு ஒன்றுவிட்டு ஒன்று பின்னிப் போகும் இடம் இரண்டுக்கும் நடுவே, அரைநிழல். வட்டமே இல்லாத நேர்க்கோட்டு நெசவில் வட்டமான ரோஜா தெரிவது இந்த அரைநிழலால்தான். அதே பாவில் மிதியின் வரிசையை மாற்றினால் ரோஜா நட்சத்திரமாகும். பெரிய விரிப்புக்குத் தறியின் அகலம் போதாது. இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் தைப்பார்கள். தையலில் பூவோடு பூ பொருந்துகிறதா என்று பார்த்தே நெய்தவரின் கையை எடைபோடுவார்கள்.

வடிவங்களுக்குப் பெயர்களும் உண்டு. ‘லீயின் சரணாகதி’ என்று ஒன்று: 1865இல் உள்நாட்டுப் போரின் முடிவில் தெற்கத்தித் தளபதி லீ சரணடைந்ததை வைத்து வந்தது. ஒரே வடிவத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த இழை எந்த விழுதில் என்ற கணக்கை நீளமான காகிதத் துண்டில் குறித்து வைத்திருந்தார்கள். மில் துணி வந்து தறிகள் பரணுக்குப் போன பிறகு இந்தக் காகிதங்களையும் விரிப்புகளையும் தேடிப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். எலைசா கால்வெர்ட் ஹாலின் புத்தகம் 1912இல் வந்தது. மேரி மெய்க்ஸ் அட்வாட்டரின் புத்தகம் 1928இல். வட கரோலினாவின் பென்லண்டில் லூசி மார்கன் 1923இல் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தறியும் நூலும் கொடுத்து நெசவை மறுபடி வருமானமாக்கினார்.

பழைய விரிப்புகளில் அதிகம் காண்பது அவுரி நீலமும் வெள்ளையும். காரணம் ரசனை மட்டுமல்ல. சாயமே ஏற்றாத பருத்தி ஒரு பக்கம், பல முறை முக்கி எடுத்த அவுரி மறுபக்கம். கைக்கு எட்டும் பொருளில் இதைவிடப் பெரிய அடர்த்தி வித்தியாசம் கிடைக்காது. மங்கலான விளக்கொளியிலும் ரோஜா தெரியும்.

இனி அந்த நீலக் கம்பளிக்குப் பதிலாக நிறம் மாறும் நூலை நாடாவில் போடுவோம். கரும் ஊதாவில் தொடங்கி இளஞ்சிவப்பில் முடியும் நூல். கீழே வெள்ளைப் பருத்தி. முதல் ரோஜா அற்புதமாக வரும். இரண்டாவது கொஞ்சம் மென்மையாகும். நாலாவதில் ரோஜா தொலைந்திருக்கும். தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. சரி, அடித்துணியைக் கறுப்பாக்கினால்? இளஞ்சிவப்பு ரோஜா திரும்பிவரும், ஊதா ரோஜா போய்விடும்.

வழி ஒன்றுதான். நிறம் எவ்வளவு வேண்டுமானாலும் மாறட்டும், அடர்த்தி மாறக் கூடாது. கருநீலம், கரும்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ என்று ஓடும் நூலை வெள்ளைப் பருத்தியின் மேல் போட்டால் ஒரு ரோஜாவும் தொலையாது. இந்த வரிசையில் மஞ்சளைச் சேர்க்கவே முடியாது. மஞ்சள் அடர்ந்தால் மஞ்சளாக இருப்பதில்லை, பழுப்பாகிவிடும். கடையில் வாங்கும் பல நிற நூலில் எங்காவது ஒரு மஞ்சள் ஒளிந்திருக்கும். வடிவத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். அதைக் கண்டுபிடிக்கச் செல்பேசி போதும். நூலையும் அடித்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். எந்த இடத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில் வடிவம் இருக்காது. நெய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அடர்த்தி சரியானாலும் தார் சுற்றுவதில், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு கட்டையில் நூலைச் சுற்றுவதில், ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரே நிற நூலில் யாரும் இதைக் கவனிக்க வேண்டியதில்லை. உருண்டையில் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு, ஊதா என்ற வரிசையில் இருக்கின்றன. முதல் தாரில் நீலமும் பச்சையும், இரண்டாவது தாரில் சிவப்பும் ஊதாவும் சுற்றுகிறோம். தாரில் கடைசியாகச் சுற்றியதுதானே முதலில் அவிழும்? முதல் தாரிலிருந்து பச்சை, நீலம் என்று வரும். இரண்டாவதிலிருந்து ஊதா, சிவப்பு. நழுவி நழுவி மாற வேண்டிய நிறம் நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஒரே தாவு தாவும். இதற்குப் பரிகாரம் எளிது. உருண்டை முழுவதையும் முதலிலேயே தார்களில் சுற்றி, எண் போட்டு வைத்துக்கொண்டு, கடைசித் தாரை முதலில் எடுக்க வேண்டும். அப்போது ஊதா, சிவப்பு, பச்சை, நீலம் என்று தலைகீழாக, ஆனால் அறுபடாமல் வரும்.

இத்தனையும் கம்பளிக்கும் தடித்த நூலுக்கும். நம் கைத்தறிக்கு வந்தால் கணக்கு வேறு. பருத்திச் சிட்டத்தின் கணக்கு 840 கஜம். சுற்றளவு 54 அங்குலம். ஒரு சிட்டத்தின் பாதியைச் சிவப்பிலும் மறுபாதியை நீலத்திலும் முக்கி எடுத்தால் 27 அங்குலத்துக்கு ஒரு முறை நிறம் மாறும் நூல் தயார். செலவே இல்லாத நிறமாற்றம். இதை ஊடையாகப் போடுவோம். நாடா ஒரு முறை குறுக்கே போக மிகச் சரியாக 54 அங்குல நூல் பிடித்து, முதல் ஊடையை நீலத்தின் நடுவில் தொடங்கினால், ஒவ்வோர் ஊடையிலும் நடுவில் சிவப்பும் இரு ஓரங்களில் நீலமும் வந்து நிற்கும். தனிக் கரை போடாமலே கரை வைத்த துணி!

காகிதத்தில் இது அழகு. ஊடைக்கு 52 அங்குலம்தான் பிடிக்கிறது என்றால் ஒவ்வோர் ஊடையிலும் நிறம் 2 அங்குலம் நகரும். இடமிருந்து ஓடும் ஊடைகளில் ஒரு பக்கம் நகரும், வலமிருந்து திரும்பும் ஊடைகளில் எதிர்ப்பக்கம். இரண்டும் குறுக்கே வெட்டி வைரக் கட்டங்களாக வரும். தடித்த நூலில் இந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். அங்குலத்துக்கு 60 ஊடை ஓடும் புடவையிலோ 27 ஊடையில், அதாவது அரை அங்குலத்துக்குள், முழுச் சுற்றும் முடிந்துவிடும். கிடைப்பது வெறும் பொரிதான். கட்டம் ஒன்பது அங்குல உயரத்துக்கு விரிய வேண்டுமானால் நகர்வு ஊடைக்கு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது. நாடாவை எறியும் கை அந்தத் துல்லியத்தைத் தானாகத் தராது. கட்டிச் சாயமேற்றிய நூலில் பட்டோலா நெய்யும் பாட்டன் நகரத்துக் குடும்பங்கள் ஊசியும் கையுமாக இருந்து இழைகளை நகர்த்திச் சரிசெய்வதும், அந்தப் புடவை லட்சக்கணக்கில் விலை போவதும் இதனால்தான்.

ஆக, மெல்லிய பட்டும் 60 ஊடையும் நிறம் மாறும் நூலுக்கு ஏற்ற வீடு அல்ல. காஞ்சிபுரத்துப் புட்டாவை இந்த நூலில் நெய்து பார்க்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஜரிகை பளிச்சிட நிலையான உடல் நிறம் வேண்டும். பழைய ஆட்கள் அதைத் தெரிந்தேதான் வைத்தார்கள்.

நம்மூரில் இதற்குப் பொருத்தமான துணி ஒன்று இருக்கிறது, பவானி ஜமக்காளம். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த ஊடை பாவை முழுக்க மூடிவிடுவதால் பாவின் நிறம் குறுக்கிடாது. நூலில் உள்ள நிறம் அப்படியே துணியில் வரும். பட்டைகள் அகலமானவை, ஆகவே நிறம் நழுவ இடமும் இருக்கிறது. பட்டைகளின் வரிசையைத் தொடாமல், ஒரே ஒரு பட்டையில் மட்டும் கருநீலத்திலிருந்து அரக்குக்கு நழுவும் நூலை வைத்துப் பார்க்கலாம். பவானிப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் யாராவது முன்பே இப்படிச் செய்திருந்தால், அல்லது இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தால், எந்த நிறங்கள் நின்றன, எவை தொலைந்தன என்று எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடலாம்.

(தொடரும்)