அட்டை படிக்கும் தறி, ஃபைல் படிக்கும் நிரல்

தேவிகாபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “மாமா, ஸ்கிரீன்ல ஒரு பட்டன் வேணும்னு எக்ஸ்எம்எல் ஃபைல்ல ஒரு வரிதான் எழுதுறேன். பட்டனை உருவாக்குன்னு ஜாவாவுல எங்கயும் எழுதலை. ஆனா ஆப்பைத் திறந்தா பட்டன் நிக்குது. அதை யாரு செஞ்சது?”

அருமையான கேள்வி. நிரல் எழுதும் தொழிலில் பல வருடம் இருப்பவர்கள்கூட, வேலைதான் நடக்கிறதே என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் வீட்டில் தறி இருக்கிறது. அதனால் பதிலை அங்கிருந்தே தொடங்கினேன்.

ஆரணிப் பட்டு என்று கடையில் வாங்குகிறோமே, அதில் தேவிகாபுரத்துத் தறிகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. பூ வேலை செய்யும் தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில் நூலால் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வோர் அட்டையிலும் துளைகள். நெசவாளர் மிதியை மிதித்ததும் ஓர் அட்டை பெட்டியின் ஊசிகள்மேல் வந்து அழுந்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அந்த ஊசியைச் சேர்ந்த ஊக்கு அசையாமல் நிற்கும். மேலே ஏறும் கத்தி அதைத் தூக்க, ஊக்கில் கட்டிய பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். ஊக்கு கத்தியை விட்டு விலகிவிடுவதால் இழை கீழேயே கிடக்கும். எழும்பிய இழைக்கும் கிடந்த இழைக்கும் நடுவே நாடா ஓடும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை.

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் அன்னமும் இல்லை, மாங்காயும் இல்லை. எந்த இழை எழும்ப வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. உடல் மாம்பழ நிறமா, கரை அரக்கா, நாடாவில் சரிகையா பட்டா என்பதையெல்லாம் நெசவாளர்தான் தீர்மானிக்கிறார். முந்தி டிசைனை மாற்ற வேண்டுமென்றால் அட்டைக் கட்டை மாற்றுகிறார். தறியை யாரும் பிரிப்பதில்லை. என்ன வேண்டும் என்பது அட்டையில் இருக்கிறது, எப்படிச் செய்வது என்பது தறியில் இருக்கிறது. உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான் என்றேன்.

இந்தப் பிரிவினை பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவிலிருந்து வந்தது. 1725-இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளை வைத்து முயன்றார். 1804-இல் ஜோசப் மரி ஜக்கார்டு அதைத் தொழிலில் நிலைக்கும் கருவியாக்கினார். 1839-இல் அந்த ஊரில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதன் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருந்தார் சார்லஸ் பாபேஜ். தம்முடைய பகுப்பாய்வு இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கவும் அவர் திட்டமிட்டது இதே துளை அட்டைதான். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹொலரித் என்பவரின் துளை அட்டைகள் எண்ணின. பட்டுத் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கணினி படிக்கப் போகும்போது, தெரியாத உலகத்துக்குப் போகிறோம் என்று தயங்க வேண்டியதே இல்லை.

இப்போது மீதிப் பாதி. அட்டைக்குத் தெரிந்தது இரண்டே சொல்: தூக்கு, விடு. எக்ஸ்எம்எல் பெயர் சொல்லும், பண்பு சொல்லும், ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும். டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் பதிப்பை 1998 பிப்ரவரி 10-இல் வெளியிட்டது. அதன் விதிப்படி டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கீழே இருப்பது விதிப்படி சரியான எக்ஸ்எம்எல்:

<சேலை நிறம்="மாம்பழம்" நீளம்="6.2">
  <கரை அகலம்="4" சரிகை="ஆம்"/>
  <புட்டா வடிவம்="அன்னம்"/>
  <முந்தி அட்டை="மயில்"/>
</சேலை>

இதைப் படித்து, நினைவகத்தில் ஒரு சேலைப் பொருளை உருவாக்கும் நிரலை மனதில் ஓட்டிப் பார்ப்போம். அவசரப்படாமல் பார்த்தால் இதில் மாயம் எதுவும் இல்லை.

டிஸ்கில் இருக்கும்போது ஃபைல் வெறும் எழுத்து. பார்சர் என்கிற பகுதி அதை எழுத்தெழுத்தாகப் படித்து, எந்த டேக் எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று பார்த்து ஒரு மரம் கட்டித் தருகிறது. உச்சியில் சேலை; அதன் கீழ் கரை, புட்டா, முந்தி. இந்தக் கட்டத்தில் சேலை இன்னும் பிறக்கவில்லை. மரத்தில் இருப்பவை பெயர்கள் மட்டுமே.

அடுத்த படியில்தான் விஷயமே இருக்கிறது. “சேலை” என்ற எழுத்துத் தொடரிலிருந்து சேலை என்ற கிளாஸுக்கு, அதாவது பொருளைச் செய்யும் வார்ப்புக்கு, போக வேண்டும். சாதாரணமாக நிரல் எழுதும்போது, இந்தக் கிளாஸிலிருந்து புதிதாக ஒன்று செய் என்று நாமே எழுதுகிறோம். கம்பைலர் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறது. இங்கே எந்தக் கிளாஸ் வேண்டும் என்பது ஃபைலைத் திறந்து படித்த பிறகுதான் தெரியும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நாமே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது: “சேலை” என்று வந்தால் இந்தக் கிளாஸ், “கரை” என்று வந்தால் அந்தக் கிளாஸ். மற்றொன்று, மொழியிடமே கேட்பது. ஜாவா போன்ற மொழிகளில் ஒரு கிளாஸின் பெயரைச் சரமாகக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலே அந்தக் கிளாஸைத் தேடி எடுத்து, பொருளை உருவாக்கும் அதன் கன்ஸ்ட்ரக்டரைக் கண்டுபிடித்து, அதை அழைத்துப் பொருளைக் கையில் கொடுக்கும். இதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். முதல் வழியில் பட்டியலில் இருப்பது மட்டுமே பிறக்கும். இரண்டாவது வழியில், நிரலுக்கு எட்டும் எந்தக் கிளாஸும் பிறக்கலாம். இந்த வேறுபாட்டை மறக்காதே என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

பொருள் பிறந்ததும் பண்புகளை ஏற்ற வேண்டும். ஃபைலில் இருக்கும் “6.2” எண் அல்ல, மூன்று எழுத்து. அதை எண்ணாக மாற்ற வேண்டும். “ஆம்” என்பதை உண்மை மதிப்பாகவும், “மாம்பழம்” என்பதை ஒரு நிறத்தின் எண்ணாகவும் மாற்ற வேண்டும். புதிதாக இதை எழுதுபவர்கள் மிகச் சின்ன வேலை என்று நினைப்பது இதைத்தான். நேரத்தைத் தின்பதும் இதுதான். ஆண்ட்ராய்டில் “16டிபி” என்று எழுதுகிறாய் அல்லவா? ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரையில் அது 16 புள்ளி. 480 புள்ளி உள்ள திரையில் அதுவே 48 புள்ளி. ஃபைலில் ஒரே வரி, ஃபோனுக்கு ஃபோன் வேறு விடை. இந்த மாற்றத்தைச் செய்வதும் கட்டுகிற நிரல்தான்.

பிறகு பிள்ளைகள். கரையைச் செய்து சேலையில் சேர்க்க வேண்டும். கரைக்குள் இன்னொன்று இருந்தால் அதையும் அப்படியே. ஒரே செயற்கூறு தன்னைத் தானே அழைத்துக்கொண்டு மரத்தில் இறங்கி ஏறும். ஒரு பொருள் இன்னும் பிறக்காத மற்றொரு பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் சிக்கல். மேலே முந்தி, “மயில்” என்ற அட்டையைக் கேட்கிறது; அந்த அட்டை ஃபைலின் கடைசியில் இருக்கலாம். இதற்கு ஒரு நல்ல வழி, முதல் சுற்றில் எல்லாவற்றையும் செய்து பெயரோடு அடுக்கிவைத்து, இரண்டாவது சுற்றில் ஒன்றோடொன்று இணைப்பது.

“அப்போ என் பட்டனைச் செஞ்சது?”

லேஅவுட் இன்ஃப்ளேட்டர் என்கிற கிளாஸ். நீ எழுதிய ஃபைல், ஆப் கட்டப்படும்போதே சுருக்கமான பைனரி வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஃபோனில் பார்சருக்கு வேலை குறையட்டும் என்று. திரை திறக்கும்போது இன்ஃப்ளேட்டர் அதைப் படிக்கிறது. டேக் பெயரில் புள்ளி இல்லாவிட்டால், இது ஆண்ட்ராய்டின் சொந்தப் பொருள் என்று எடுத்துக்கொண்டு, விட்ஜெட், வெப்கிட், ஆப், வியூ என்ற தொகுப்புப் பெயர்களை முன்னால் ஒட்டிப் பார்த்துத் தேடுகிறது. கிளாஸ் கிடைத்ததும், சூழலையும் பண்புத் தொகுதியையும் வாங்கிக்கொள்ளும் இரண்டு அளபுரு கொண்ட கன்ஸ்ட்ரக்டரை ரிஃப்ளெக்‌ஷனால் எடுத்து அழைக்கிறது. அடுத்த முறை தேட வேண்டாம் என்று அந்தக் கன்ஸ்ட்ரக்டரைச் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. நீ சொந்தமாக ஒரு வியூவை, அதாவது திரைப் பொருளை, எழுதி அந்தக் கன்ஸ்ட்ரக்டரை விட்டுவிட்டால், கம்பைலர் ஒன்றும் சொல்லாது, திரை திறக்கும் நொடியில் ஆப் விழும். ஏன் என்று இப்போது உனக்கே தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆப்காம்பாட் நூலகத்தைச் சேர்த்திருந்தால், நீ “பட்டன்” என்று எழுதினாலும் அந்த நூலகம் நடுவில் புகுந்து தன்னுடைய ஆப்காம்பாட் பட்டனைச் செய்து கொடுக்கும். பழைய ஃபோன்களிலும் ஒரே தோற்றம் வரவேண்டும் என்பதற்காக. ஃபைலில் இருக்கும் பெயருக்கு எந்தப் பொருள் வரும் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஃபைலிடம் இல்லை, கட்டுபவரிடம் இருக்கிறது.

தமிழ் ஆப் செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. திரையின் சொற்களைத் தனி எக்ஸ்எம்எல் ஃபைலில் வைத்து, தமிழுக்கான “டிஏ” என்ற குறி சேர்ந்த கோப்புறையில் அதன் தமிழ் வடிவத்தைப் போட்டால் போதும். ஃபோனின் மொழி தமிழாக இருந்தால் பட்டன் தமிழில் பிறக்கும். ஜாவாவில் ஒரு வரியையும் தொட வேண்டாம். நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கடைக்கோ ஆப் செய்பவர்கள் இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

திரைக்கு மட்டும்தானா என்றால், இல்லை. 2004-இல் முதல் பதிப்பு வந்த ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பு, ஒரு நிறுவனத்தின் மொத்த நிரலையும் எக்ஸ்எம்எல்லில் எழுதிய குறிப்பிலிருந்து கோத்தது: இந்தக் கிளாஸில் ஒன்று செய், அதற்கு அந்தத் தரவுத்தள இணைப்பைக் கொடு என்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட், டபிள்யூபிஎஃப் என்ற தன் விண்டோஸ் திரைத் தொகுப்புக்கு ஸாம்ல் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் டேக் என்றால் கிளாஸ், பண்பு என்றால் பிராப்பர்ட்டி என்று நேருக்கு நேர் பொருத்தம். ஸ்பிரிங் ஃபைல்கள் சில இடங்களில் ஆயிரக்கணக்கான வரிகளாக வளர்ந்தன. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் நிரல் ஓடும்போதுதான் தெரியும். அந்த அலுப்பில் பலர் குறிப்பை மறுபடி நிரலுக்குள்ளேயே எழுதத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டிலும் 2021-இல் வந்த ஜெட்பேக் கம்போஸ், திரையைக் காட்லின் மொழியிலேயே எழுதச் சொல்கிறது. கம்பைலர் பிழையைப் பிடித்துக் கொடுக்கும் என்பதால் புதிய ஆப்புக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஆப்பை மறுபடி கட்டாமல் வெளியிலிருந்து மாற்ற வேண்டிய எதற்கும் தனிக் குறிப்பு ஃபைல்தான் இன்றும் சரியான வழி.

அப்படி வெளியிலிருந்து வரும் ஃபைலில்தான் ஆபத்தும் வருகிறது. தவறான அட்டை ஏறினால் நெய்த பட்டு வீணாகும். நெசவாளருக்கு அது சின்ன இழப்பில்லை. ஆனாலும் அந்த அட்டையால் இழையைத் தூக்குவதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. ஜாவாவில் 2002-இல் சேர்ந்த எக்ஸ்எம்எல் டீகோடர் என்ற கருவி அப்படியல்ல. ஃபைலில் எந்தக் கிளாஸின் பெயர் இருந்தாலும் அதைச் செய்யும், எந்தச் செயற்கூறைச் சொன்னாலும் அழைக்கும். நிரலாளர் தன் சொந்த ஃபைலைப் படிக்கும்வரை சரி. முகம் தெரியாதவர் அனுப்பிய ஃபைலை அதனிடம் கொடுத்தால், சர்வரில் ஒரு கட்டளையை ஓட்டு என்பதையும் அது பொருளாகவே கட்டிக் கொடுத்துவிடும். 2017-இல் ஆரக்கிள் வெப்லாஜிக் சர்வர்களில் வெளிப்பட்ட பெரிய ஓட்டை இந்தக் கருவி வழியாக வந்ததுதான். புகுந்தவர்கள் அந்த சர்வர்களைக் கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தார்கள். பைத்தானில் யாமல் என்ற இன்னொரு குறிப்பு வடிவத்தில் உள்ள ஃபைலைப் படிக்கும் பழைய வழியிலும் இதே கதவு திறந்திருந்தது. அதனால்தான் பாதுகாப்பாகப் படிக்கும் தனிச் செயற்கூறை அந்த நூலகமே வைத்திருக்கிறது. வெளியார் தரும் குறிப்பைக் கட்டும்போது ரிஃப்ளெக்‌ஷனை நம்பக் கூடாது. மூடிய பட்டியல்தான் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தறி வீட்டிலிருந்து வந்து நிரல் கற்கும் ஒவ்வொருவரும் இதைக் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். பைத்தான் போதும், எக்ஸ்எம்எல் படிக்கும் பகுதி அதனுடனேயே வருகிறது, கிளாஸ் பெயர்களைத் தமிழிலும் எழுதலாம். சேலை, கரை, புட்டா, முந்தி என்று நான்கு கிளாஸ், அவற்றின் பெயர்ப் பட்டியல் ஒன்று, மரத்தில் இறங்கும் செயற்கூறு ஒன்று எழுதுங்கள். ஓடியதும் ஃபைலில் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைப் போட்டு, உங்கள் நிரல் அதை மறுக்கிறதா என்று பாருங்கள். மறுக்கும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.