காரணத்தின் எல்லை: அமெரிக்க லொறி விபத்து வழக்குகளிலும் உற்பத்திப் பொருள் வழக்குகளிலும் எதிராளி தரப்புச் சட்டத்தரணி

தீங்கியற் சட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர், 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றினைத் தவறாது குறிப்பிடுவர். தபால் வண்டியோட்டி ஒருவன், வண்டியிலிருந்த பழுது காரணமாகத் தூக்கியெறியப்பட்டு முடமானான். வண்டியை வழங்கிப் பராமரிக்க ஒப்பந்தஞ் செய்திருந்தவர் மீது அவன் வழக்குத் தொடுத்தான். ஒப்பந்தமோ தபால்மா அதிபருடன் செய்யப்பட்டது. வண்டியோட்டி அதன் தரப்பினன் அல்லன். ஆதலின் அவனுக்கு உரித்தேதும் இல்லை என நீதிமன்றம் முடிவுசெய்தது. இவனுக்கு இடமளித்தால் வீதியிற் செல்வோர் அனைவரும் வழக்காட முற்படுவர் என்ற அச்சமும் அத்தீர்ப்பில் வெளிப்பட்டது. வளர்ந்துவந்த கைத்தொழிலுக்கு நீதிமன்றம் இட்ட காப்பு வேலி இது எனலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வேலி படிப்படியாகத் தகர்ந்தது. 1916இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் கார்டோசோ, மரச்சில்லு உடைந்து காயமுற்ற ஒருவருக்கு, இடையில் விற்பனையாளர் நின்றபோதிலும், பியூயிக் மோட்டார்க் கம்பனி பொறுப்புடையது எனத் தீர்ப்பளித்தார். 1963இல் கலிபோர்னியா உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ட்றெயினர் ஒருபடி மேலே சென்று, குறைபாடுடைய பொருளைச் சந்தைக்கு விடும் உற்பத்தியாளர், கவனயீனம் நிரூபிக்கப்படாவிடினும் பொறுப்புடையவர் என்றார். விபத்தின் செலவைத் தனிமனிதன் தாங்கவியலாது; உற்பத்தியாளனோ அதனைக் காப்புறுதி மூலமும் விலையின் மூலமும் பலர்மீது பரப்பவியலும் என்பது, அவர் 1944இலேயே முன்வைத்திருந்த வாதமாகும். நாம் இங்கு ஆராய முனையும் சட்டத்தரணித் தொழில் இந்தக் காப்புறுதியின் நிழலிற் பெருவளர்ச்சி கண்டதொன்று.

வழக்காளியின் சட்டத்தரணி பொதுவாகக் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை, பெரும்பாலும் மூன்றிலொன்றை, ஊதியமாகப் பெறுகிறார். தோற்றால் அவருக்கு ஊதியமில்லை. எதிராளி தரப்புச் சட்டத்தரணி மணிக்கணக்கிற் கூலி பெறுகிறார். அவரது கட்சிக்காரர் லொறிக் கம்பனியும் சாரதியும். ஆயின் பணங் கொடுப்பது பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனி. எத்தனை நிபுணர்களை அமர்த்தலாம், எத்தனை மணிநேரம் ஆயத்தஞ் செய்யலாம் என்பவற்றிலும் அக்கம்பனியின் நெறிமுறைகள் குறுக்கிடுகின்றன. இரு எசமானர்க்கு ஊழியஞ் செய்யும் இந்நிலைபற்றி அந்நாட்டுச் சட்ட ஒழுக்கவியல் நூல்கள் பக்கம்பக்கமாக எழுதியுள்ளன.

அவரது வேலை விபத்து நிகழ்ந்த சில மணி நேரங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. நள்ளிரவாயினும் விபத்துப் புனரமைப்பு நிபுணருடன் வீதிக்குச் செல்கிறார். லொறியின் இயந்திரக் கணினியில் மோதலுக்கு முந்திய சில வினாடிகளின் வேகமும் பிறேக் அழுத்தப்பட்ட கணமும் பதிந்திருக்கும். மரணம் நேர்ந்த விபத்தாயின் சாரதிக்கு 8 மணி நேரத்துக்குள் மதுச் சோதனையும் 32 மணி நேரத்துக்குள் போதைப்பொருட் சோதனையும் நடத்தப்படவேண்டும். சாரதி 10 மணி நேரத் தொடர் ஓய்வின் பின், 14 மணி நேர எல்லைக்குள், 11 மணி நேரம் மாத்திரமே வண்டி செலுத்தலாம். இதனைக் காட்டும் பதிவு 2017 டிசெம்பர் முதல் பெரும்பாலான லொறிகளில் மின்கருவியாற் செய்யப்படுகிறது. கம்பனி அதனை ஆறு மாதம் மட்டும் வைத்திருந்தாற் போதுமென்பதால், வழக்காளியின் சட்டத்தரணி, அழிக்கவேண்டாமெனக் கடிதம் அனுப்ப விரைகிறார். இவ்வாறு, வழக்கு மன்றுக்கு வருமுன்னரே ஒரு போட்டி நடந்து முடிகிறது.

இப்போட்டியின் உட்பொருள் யாது? விபத்தின் காரணத்தை எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சென்று தேடலாம் என்பதே. வழக்காளி தரப்பு காரணத்தை விரிக்கின்றது: சாரதியைத் தெரிவுசெய்தது யார், பயிற்சி எவ்வளவு, பயண அட்டவணையை வகுத்தது யார்? எதிராளி தரப்பு அதனைச் சுருக்குகின்றது: ஒரு வீதி, ஒரு மனிதன், ஒரு வினாடி. இச்சுருக்கலுக்குச் சட்டத்திலேயே ஒரு நுட்பம் உண்டு. சாரதி தனது ஊழியன், அவன் தவறியிருப்பின் தானே பொறுப்பு எனக் கம்பனி ஏற்றுக்கொண்டால், கம்பனியின் சொந்தத் தவறுகள் பற்றிய சான்றுகள் பல மாநிலங்களில் யூரர் முன் வராது தடுக்கப்படலாம். ரெக்சாஸ் மாநிலம் 2021இல் இயற்றிய சட்டமும் விசாரணையை இரு கட்டங்களாகப் பிரித்து இதற்கு வழிசெய்கிறது. நமது நாட்டுக் குடியியல் வழக்குகளில் யூரர் இல்லாமையால், எதை அவர்கள் காதில் விழவிடுவது என்பதிற் செலவிடப்படும் இத்துணை உழைப்பு நமக்கு வியப்பளிக்கக்கூடும்.

சுருக்கல் எப்போதும் அநீதியென நாம் கொள்வதற்கில்லை. 2014 டிசெம்பரில் ரெக்சாஸின் ஒடெஸ்ஸா நகரருகே பனிக்கட்டி படிந்த பெருந்தெருவில், சிறுரக வாகனமொன்று வழுக்கி நடுத்திட்டைக் கடந்து, எதிர்த்திசையில் வந்த வேர்னர் கம்பனி லொறியின் முன் வீழ்ந்தது. ஒரு சிறுவன் இறந்தான். அவன் சகோதரி கைகால் செயலிழந்தாள். லொறியைச் செலுத்தியவர் பயிற்சிச் சாரதி. மேற்பார்வையாளர் பின்னறையில் உறங்கிக்கொண்டிருந்தார். அந்நிலையில் லொறி மணிக்கு ஏறக்குறைய 50 மைல் வேகத்திற் சென்றது. 2018இல் யூரர் சபை ஏறத்தாழ 90 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கிற்று. 2025 ஜூனில் மாநில உயர் நீதிமன்றம் அதனை முற்றாக நீக்கி, வாகனம் கட்டுப்பாடிழந்து எதிர்த்தடத்துக்குள் பாய்ந்ததே விபத்தின் காரணம் என்றது. சட்டத் தருக்கத்தில் இதற்கு வலுவுண்டு. ஆயினும் பனியில் ஏன் அந்த வேகம் என்ற வினா அழிந்துவிடவில்லை. நட்டஈட்டுச் சட்டம் அதற்கு விடையளிக்கும் இடமன்று என்பதே தீர்ப்பின் பொருள்.

அவ்வினாவின் விடை வேறிடத்தில் உள்ளது. அமெரிக்க நெடுந்தூரச் சாரதியர் பலர் மைற் கணக்கிலேயே கூலி பெறுகின்றனர். பண்டசாலை வாயிலிற் காத்துக்கிடக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் உரிய கூலியில்லை. 1938ஆம் ஆண்டின் நியாய தொழிற்றரச் சட்டம் வழங்கும் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்து, மாநிலங்களிடைப் போக்குவரத்திலுள்ள லொறிச் சாரதியர் விலக்கப்பட்டுள்ளனர். நின்றால் நட்டம், ஓடினால் ஊதியம் என்ற நிலையில் வேகம் தனிமனித குணக்கேடு மாத்திரமாகாது.

இதே சட்டத்தரணி மறுநாள் ரயர் உற்பத்தியாளர் சார்பில் தோன்றும்போது, காட்சி தலைகீழாகிறது. நேற்றுச் சாரதியைக் காத்தவர், இன்று அவன் காற்றழுத்தத்தைப் பார்த்தானா, மிகைப்பாரம் ஏற்றினானா எனக் குறுக்குவிசாரணை செய்கிறார். 2000ஆம் ஆண்டில் பயர்ஸ்டோன் கம்பனி 6.5 மில்லியன் ரயர்களை மீளப்பெற்றபோது, போர்ட் கம்பனி ரயரையும், பயர்ஸ்டோன் வாகனத்தையும் குறைகூறின. அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே அந்த ரயர்கள் பற்றிய வழக்குகள் பல, விபரம் வெளியிடாத நிபந்தனையுடன் இணக்கமாக முடிக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் இத்தொழிலின் மிகக் கடினமான முடிச்சு உள்ளது. அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றங்களில் விளக்கம்வரை சென்ற குடியியல் வழக்குகள் 1962இல் நூற்றுக்கு 11.5 ஆக இருந்து 2002இல் 1.8 ஆகக் குறைந்தன. எஞ்சியவற்றுட் பெருந்தொகையானவை இணக்கத்தில் முடிவன. வழக்காளி தனக்குத் தேவையான பணத்துக்காக மௌனத்தை விற்கிறார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயின் அம்மௌனத்துள் அடுத்து விபத்துக்குள்ளாகப்போகின்றவரின் உயிரும் அடங்கியிருக்கலாம். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களின் தீமூட்டி ஆளி ஓடும்போதே நழுவி, காற்றுப்பைகளைச் செயலிழக்கச் செய்தது. 2010இல் ஜோர்ஜியாவில் இளம்பெண்ணொருவர் இறந்தமை தொடர்பான வழக்கில், உதிரிப்பாகம் இலக்கம் மாற்றப்படாது இரகசியமாகத் திருத்தப்பட்டிருந்தமையை வழக்காளி தரப்பு நிபுணர் கண்டுபிடித்தார். 2013இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. மீளப்பெறல் 2014 பெப்ரவரியிலேயே தொடங்கிற்று. பின்னர் அமைக்கப்பட்ட நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. கம்பனியே வெளியிட்ட 2014ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை, அதன் வெளிச் சட்டத்தரணிகள் தண்ட நட்டஈட்டு அபாயத்தைச் சுட்டி, வழக்குகளை இணக்கமாக முடிக்க ஆலோசனை கூறியிருந்தமையைப் பதிவுசெய்கிறது.

அவர்கள் தம் தொழிலைச் செவ்வனே செய்தனர் என்பதே இதில் நம்மை உறுத்துவது. மரணமோ பாரிய காயமோ நேர்வது நியாயமான அளவுக்கு நிச்சயமெனின், சட்டத்தரணி கட்சிக்காரரின் இரகசியத்தை வெளியிடலாம் என்கிறது அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மாதிரி ஒழுக்கவிதி. வெளியிட வேண்டும் என்று கூறவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பைத் தொடும் தகவல்களை நீதிமன்றம் மூடிவைப்பதைக் கட்டுப்படுத்தப் புளோரிடாவும் ரெக்சாசும் 1990இலேயே விதிகள் வகுத்தன. அவ்வாறானதொரு சட்டத்தை நாடு முழுவதுக்குமாக ஆக்கும் மசோதா காங்கிரசிற் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அதனை எதிர்த்தோருள் எதிராளி தரப்புச் சட்டத்தரணிகளின் சங்கமும் ஒன்று.