கல்லூரிக்கு அனுப்பும் முன்…

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்து, மதுரையில் கல்லூரி சேர்ந்த மாணவி ஒருத்தி தீபாவளி விடுமுறையில் பள்ளிக்கு வந்தாள். "எல்லாருக்கும் மாசம் ஆயிரம் ரூபா வருது டீச்சர், எனக்கு மட்டும் வரலை. அம்மா படிப்பை நிறுத்தச் சொல்றாங்க" என்றாள். விசாரித்தேன். அவளது வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை. வங்கிக்கு அழைத்துச் சென்று இணைத்த பிறகு பணம் வந்தது, படிப்பும் தொடர்கிறது.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பர் 5இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோரும் இவற்றில் பயன்பெறுகின்றனர். தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

விண்ணப்பிப்பது கல்லூரி வழியாகத்தான். ஆனால் அதற்கு வேண்டிய எமிஸ் எண், சான்றிதழ்கள் எல்லாம் நம் பள்ளியிலிருந்தே செல்கின்றன. எனவே பொதுத்தேர்வுக்கு முன் ஒருநாள் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் மூன்றைச் சரிபார்க்கிறேன்: மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர், முன்னெழுத்து. நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்கும்.