பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் புழுக்கொடியல் வாங்க ஒரு ஜூன் காலையில் போனேன். முதுகில் ஐம்பது லிட்டர் பை, காலில் மலைச் சப்பாத்து. ஃபோபூர் சான் தெனி தெருவில் அந்தக் கோலத்தில் நடந்தால் யாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். கல்லாவில் இருந்த அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க தம்பி, ஊருக்கே?”

“இல்லை அன்ரி, மலைக்கு. நடக்கப் போறன்.”

“எவ்வளவு தூரம்?”

“முழுக்க நடந்தா தொளாயிரம் கிலோமீற்றர். நான் ஒரு துண்டுதான்.”

“அதுக்குக் காசு தருவினமோ?”

“நாங்கள்தான் குடுக்கோணும்.”

அவர் சிரித்துவிட்டார். “நாங்கள் நடந்தது காணாதே? இனி நீரும் நடக்கோணுமே?”

பதில் சொல்ல வரவில்லை. எள்ளுருண்டை இரண்டு பைக்கற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கார் து நோரில் மெற்றோ நான்காம் லைனைப் பிடித்தேன். மோன்பர்னாஸில் இறங்கி அதிவேக ரயில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் அந்தாய். பிரான்ஸ் அங்கே முடிகிறது. பிரனீஸ் மலைத்தொடர் அட்லாண்டிக் கரையில் அங்கே தொடங்குகிறது. அந்த மலைத்தொடரை அந்தாயிலிருந்து மத்தியதரைக் கடலோர பன்யுல்ஸ் வரை கால்நடையாகக் கடப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடலில் கால் நனைத்துப் புறப்பட்டு மறுகடலில் கால் நனைத்து முடிப்பது இந்த நடையின் வழக்கம். புறப்படும் நாள் அவரவர் விருப்பம். கொடியசைக்க ஆளில்லை, முடித்தால் பதக்கமில்லை, நேரம் குறிப்பவர் இல்லை. பாதைகள் மூன்று. பிரெஞ்சுப் பக்கம் போவது ஜி.ஆர். 10 என்ற நெடுநடைப் பாதை, சுமார் 900 கிலோமீட்டர். ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட் உயரத்தின் ஐந்து மடங்கைத் தாண்டும். ஸ்பெயின் பக்கத்தில் அதற்கு இணையாக ஜி.ஆர். 11. இரண்டுக்கும் நடுவே, எல்லைக்கோட்டை ஒட்டி, சிலசமயம் ஒரே நாளில் இரண்டு மூன்று தரம் நாடு மாறி ஓடுவது ‘ஓத் ராந்தொனே பிரனேயென்’, அதாவது பிரனீஸ் உயர்நடை. ஜார்ஜ் வெரோன் என்பவர் வழிகாட்டி நூல் எழுதிப் பரவலாக்கிய வழி. தூரம் சுமார் 800 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பகுதிக்குப் பாதைக்குறியே கிடையாது. வரைபடம், வானிலை, சொந்த மதிப்பீடு, இவற்றை நம்பிப் போக வேண்டும். அனுபவமில்லாதவர்களை அங்கே அனுப்பக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிரான்ஸில் பாதைக்குறி என்றால் மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டு பட்டைகள். மரத்திலும் பாறையிலும் தந்திக் கம்பத்திலும் தீட்டியிருப்பார்கள். இரண்டும் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டிருந்தால் தவறான வழி, திரும்பு என்று பொருள். ஜான் லுவாசோ என்பவரின் யோசனை இது. இத்தகைய பாதையின் முதல் துண்டு 1947இல் லுவார் நதிக்கரையில், ஓர்லெயான் அருகே திறக்கப்பட்டது. போர் முடிந்து இரண்டே வருடம். ரொட்டிக்கு இன்னும் பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில், நடந்து திரிவதற்கென்று ஒரு நாடு பாதை வரைந்துகொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

இந்த நடையில் மிகக் கடினமானது எது என்று கேட்டால் பலர் ஏற்றம் என்பார்கள். நான் கணக்கு என்பேன். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு வாய்பாடு சொன்னார். இன்றைய அளவில் தோராயமாக, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். ஒரு நாள் பதினைந்து கிலோமீட்டரும் 1,200 மீட்டர் ஏற்றமும் இருந்தால் ஐந்து மணி நேரம் வரும். பன்னிரண்டு கிலோ சுமை, கால்வலி, வழி தவறிய அரைமணி, எல்லாம் சேர்த்தால் எட்டாகும். கோடையில் பிரனீஸில் பிற்பகல் இடிமின்னல் சாதாரணம். ஆகவே இரண்டு மணிக்குள் உயரக் கணவாயைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும் என்றால் விடியற்காலை ஆறு மணிக்குக் கூடாரம் மடித்தாக வேண்டும். இந்தக் கணக்கை நாற்பது ஐம்பது நாள் தினமும் போட வேண்டும். வேறு யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

சாப்பாடும் கணக்குத்தான். லெஸ்கன், கவார்னி, சலார்து போன்ற ஊர்களில் ஏதாவது வாங்கலாம். இடையில் நான்கைந்து நாள் கடையே வராது. கிராமுக்கு எவ்வளவு சக்தி என்று பார்த்து அடுக்க வேண்டும். பிரெஞ்சு நண்பர்கள் உலர்பழம், பாலாடைக்கட்டி, பொடியாக்கிய உருளைக்கிழங்கு என்று கட்டுகிறார்கள். எண்ணெய்ச்சத்து நிறைந்த எள்ளுருண்டையை அதற்கு மேலே வைப்பேன். புழுக்கொடியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு கெடாது, நசுங்காது, ஒரு துண்டைக் கடித்து முடிக்க அரைக் கணவாய் ஏறிவிடலாம். பல் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படுப்பதற்கும் விதியுண்டு. பிரனீஸ் தேசியப் பூங்காவுக்குள் மாலை ஏழு மணி முதல் காலை ஒன்பது வரை மட்டுமே சிறு கூடாரம் போடலாம். அதுவும் சாலையிலிருந்தும் பூங்கா எல்லையிலிருந்தும் ஒரு மணி நேர நடைக்கு அப்பால். ஆட்டுமந்தை தெரிந்தால் சுற்றிப் போக வேண்டும். மந்தைக்குள் படுத்திருக்கும் வெள்ளை நாய், பத்தூ என்பார்கள், ஆட்டோடு ஆடாக வளர்ந்தது. எழுந்து வந்தால்தான் அதன் அளவு தெரியும்.

நான் முழுத் தூரமும் நடந்தவன் அல்ல. பத்து நாள் துண்டுதான் என் அளவு. அதிலும் ஜி.ஆர். 10இன் ஊர்க்கெத் தொசூ கணவாயில், 2,734 மீட்டர், உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பிவிட்டேன். ஜூன் நடுவில் சரிவு முழுக்க உறைபனி. என்னிடம் பனிக்கோடரி இல்லை. முன்னால் போனவர்களின் கால்தடங்கள் தெளிவாகவே தெரிந்தன, போயிருக்கலாம். அரை மணி நேரம் ஒரு பாறையில் உட்கார்ந்து எள்ளுருண்டை தின்று யோசித்தேன், பிறகு இறங்கினேன். அன்று இரவு எனக்குத் தோல்வி போலத்தான் இருந்தது.

தீவிரமாக ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். கோர்சிகாவின் ஜி.ஆர். 20, சுமார் 180 கிலோமீட்டர், வழக்கமாகப் பதினைந்து பதினாறு நாள் எடுக்கும். 2021இல் லாம்பேர் சாந்தெல்லி அதை 30 மணி 25 நிமிடத்தில் முடித்தார். அதே பாதையில் 2015 ஜூன் 10 அன்று ஒரு பள்ளத்தில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தைத் தவிர்த்து இப்போது வேறு வழி போகிறது. சாதனை படைத்தவரை மதிக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்தின் வழக்கம். ஹேமிஷ் பிரவுன் என்பவர் தொடங்கிவைத்த நடை அது, 1980 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு இரண்டு வாரம். வழியை நடப்பவரே வரைந்து அனுப்புவார். பழகிய கண்கள் அதைப் பார்த்து, இந்த ஆறு மழையில் பெருகும், இந்த நாள் நீளம் அதிகம் என்று எழுதித் திருப்பி அனுப்பும். பந்தயம் கிடையாது. நாற்பது வருடத்துக்கும் மேலாக யாரும் முதலாவதாக வரவில்லை என்பதே அதன் பெருமை.

நமக்கும் இது புதிதல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை போகிற பாதயாத்திரை ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். குமண, யால காடுகளையும் தாண்ட வேண்டும். வேலாயுதத்தை முன்னே வைத்து, அவரவர் காலுக்கு ஏற்ற வேகத்தில், ஊர்ச்சனம் போடும் சோற்றை நம்பிப் போகிறவர்களுக்கு ‘அனுபவமுள்ள நெடுந்தூர நடையர்’ என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள். வயதான அம்மாக்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்.

ஆனால் அன்ரி கேட்டது அந்த நடையை அல்ல. அவர் கேட்டதற்கான பதில் பன்யுல்ஸில், பாதை முடிகிற இடத்தில் இருந்தது. வேறொரு வருடம் அங்கே ரயிலில் போனேன்.

நெடுநடையர்கள் பன்யுல்ஸில் நடையை முடிக்கிறார்கள். 1940 செப்டம்பரில் வால்டர் பெஞ்சமின் அங்கிருந்து நடக்கத் தொடங்கினார். ஜெர்மானிய யூத எழுத்தாளர், வயது 48, இதய நோயாளி. பாரிஸின் கூரையிட்ட கடைவீதிகளைப் பற்றிப் பல வருடம் குறிப்புகள் எடுத்தவர். நம் லாச்சப்பலிலிருந்து தெற்கே நடந்தால் வரும் பசாஜ் பிராடி அந்த வகைக் கடைவீதிதான்; இன்று அங்கே தந்தூரி மணக்கிறது. 1840 வாக்கில் சிலர் அத்தகைய வீதிகளில் ஆமையைக் கயிற்றில் கட்டி அழைத்துப்போய், ஆமை வைத்த வேகத்தில் நடந்தார்கள் என்ற செய்தியை எழுதிவைத்தவரும் அவரே.

நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்பெயினுக்குள் போக மலையைத் தாண்ட வேண்டும். லிசா ஃபிட்கோ என்ற பெண் வழிகாட்டினார். ஒரு தாயும் மகனும் கூட வந்தார்கள். பெஞ்சமினின் கையில் கனத்த கறுப்புத் தோல்பை, உள்ளே கையெழுத்துப்படி. வழி பார்த்துவர முதல் நாள் ஏறியவர், திரும்பி இறங்கினால் மறுபடி ஏற இதயம் தாங்காது என்று அந்த இரவை மலையிலேயே தனியாகக் கழித்தார். மறுநாள் அவர் நடந்த விதத்தை ஃபிட்கோ பின்னாளில் எழுதியிருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்து ஏறத்தாழ பத்து நிமிடம் நடந்தார், ஒரு நிமிடம் நின்றார். மறுபடி பத்து, மறுபடி ஒன்று. களைத்த பிறகு நின்றால் பயனில்லை, களைக்கும் முன்னே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். மலையேறும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் சொல்ல முடியாது.

எல்லைக்கு அப்பால் போர்ட்பௌ ஊரில் ஸ்பானியப் பொலிஸ், பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தது. செப்டம்பர் 26 இரவு விடுதியில் பெஞ்சமின் இறந்துபோனார். மோர்ஃபின் விழுங்கினார் என்பதே பரவலான கருத்து. கூட வந்தவர்கள் போக அனுமதிக்கப்பட்டார்கள். அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தின் அருகே தானி காரவான் 1994இல் அமைத்த நினைவிடம் இருக்கிறது: பாறைக்குள் இறங்கும் இரும்புப் படிகள், முடிவில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே கடல் சுழல்கிறது.

அவருக்கு முந்தைய வருடம், 1939 தொடக்கத்தில், இதே மலைகளை எதிர்த்திசையில் நான்கரை லட்சம் பேர் தாண்டினார்கள்; ஃபிராங்கோவின் படைக்குத் தப்பி பிரான்ஸுக்குள். மேற்கே சான் ஜிரோனிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் ‘விடுதலைப் பாதை’ என்று நான்கு நாள் நடை நடக்கிறது. போர்க்காலத்தில் இரவில் தப்பியோடியவர்களின் தடத்தில், பகலில், சாப்பாட்டுப் பொதியோடு போகிறார்கள். பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். அது விளையாட்டா, நினைவா என்று அவர்களும் பிரித்துச் சொல்வதில்லை.

போர்ட்பௌவிலிருந்து திரும்பியதும் லாச்சப்பல் போனேன். மாணிக்க விநாயகர் தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம். கடையில் தேங்காய் மலைபோலக் குவிந்திருந்தது. அன்ரி என்னை மறக்கவில்லை. “நடந்து முடிச்சாச்சோ?” என்றார். கடிகாரம் பார்த்து நடந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். தேங்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இருந்து இருந்து போனவரோ?”

“நிண்டு நிண்டு. கணக்குப் பண்ணி.”

“தொண்ணூற்றைஞ்சு ஒக்ரோபர் முப்பது. நாவற்குழிப் பாலம். மழை. அம்மாவைச் சைக்கிளில வச்சு உருட்டினனாங்கள். நிண்டா பின்னால வாற சனம் இடிக்கும். அம்மா இறக்கி விடு, இறக்கி விடு எண்டு கேட்டவ. இறக்க இடமில்லை தம்பி. விடிஞ்சாப் பிறகுதான் இறக்கினது.”

போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் ஏறக்குறைய முழுவதும் ஒரே இரவில் அப்படித்தான் வெளியேறியது என்று படித்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

“அவர் எத்தினை நிமிசம் நிண்டவர் எண்டனீர்?”

“ஒண்டு.”

தலையாட்டிவிட்டு, புழுக்கொடியல் பைக்கற்றை நிறுத்து என் பக்கம் தள்ளினார்.